பச்சைப் பெட்டியும் இரண்டு ரூபாய்க் கண்டென்ஸரும்

கோயில் திருவிழாக் காலம் வந்துவிட்டால் திருவனந்தபுரத்தில் எந்தப் பக்கம் போனாலும் கானமேளா மேடைதான். பாடுகிறவரைப் பார்ப்போம், தபலாக்காரரைப் பார்ப்போம். மேடையோரம் நிற்கும் கிடார்காரரின் காலடியை யாராவது கவனித்ததுண்டா? அங்கே ஒரு சின்ன இரும்புப் பெட்டி கிடக்கும். சோப்புப் பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. அதுவரை தேனாகச் சொட்டிக்கொண்டிருந்த கிடார், அவர் அந்தப் பெட்டியை ஒரு மிதி மிதித்ததும் சிங்கம் போல உறுமும். கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

அந்த உறுமலுக்குக் காரணம் என்ன? மந்திரமும் இல்லை, தந்திரமும் இல்லை. ஒரு ஐ.சி., இரண்டு டிரான்ஸிஸ்டர், இரண்டு டயோடு, கொஞ்சம் ரெஸிஸ்டர், கொஞ்சம் கண்டென்ஸர். ரேடியோ ரிப்பேர் கடையில் இரண்டு வருஷம் உட்கார்ந்த பையனுக்குத் தெரியாத சாமான் அதில் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஜப்பான் பெயர் போட்ட புதிய பெட்டியை இன்று இந்தியாவில் வாங்கப் போனால் ஏறத்தாழ பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் எண்ணி வைக்க வேண்டும். லேத்துப் பட்டறையிலும் குமாஸ்தா நாற்காலியிலும் காலம் தள்ளுகிறவர் வீட்டுப் பிள்ளை கிடார் கற்றுக்கொண்டு, "அப்பா, பெடல் வேணும்" என்று கேட்டால், அப்பாவுக்குத் தூக்கம் போய்விடும்!

இதனால்தான் உலகம் பூராவும் வீட்டு மேஜையில் சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு ஒரு பெரிய கூட்டம் இந்தப் பெட்டிகளைத் திறந்து திருத்திக்கொண்டிருக்கிறது. அந்தக் கதையையும், அதில் உள்ள லாபத்தையும் அபாயத்தையும் தெரிந்துகொள்வது நல்லது.

கெட்டுப்போனதே மவுசானது

ஒலிபெருக்கி கண்டவர்கள் எல்லாம் ஒலி சுத்தமாக வர வேண்டும் என்றுதான் பாடுபட்டார்கள். கிடார்காரர்களுக்கு மட்டும் புத்தி வேறு மாதிரிப் போயிற்று. 1958-ல் அமெரிக்காவில் லிங்க் ரே என்பவர் தமது ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் காகிதத்தில் பென்சிலால் ஓட்டை போட்டார். கரகரவென்று வந்த சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது. 1964-ல் லண்டனில் 'கிங்க்ஸ்' குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் என்ற இளைஞர் சவர பிளேடால் ஸ்பீக்கரைக் கீறிவிட்டு வாசித்தார். அந்தப் பாட்டு உலகப் புகழ் பெற்றது. வீட்டிலே சாமானைத் திருத்தும் கலை இப்படி பென்சிலிலும் பிளேடிலும்தான் ஆரம்பம்.

நடுவில் இன்னொரு வேடிக்கை. நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் மிக்ஸிங் பலகையின் ஒரு பகுதி பழுதாகிவிட்டது. அதன் வழியாக வந்த கிடார் ஒலி, தேனீக் கூட்டம் போல ரீங்காரமிட்டது. வேறு யாராக இருந்தாலும் மறுபடி பதிவு செய்திருப்பார்கள். இவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். 1961-ல் பாட்டு வெளியானதும், "இந்தச் சத்தம் எப்படி வந்தது?" என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னோடி அதே கோளாறை டிரான்ஸிஸ்டர் கொண்டு வேண்டுமென்றே உண்டாக்கும் ஒரு பெட்டியை அமைத்தார். 1962-ல் 'மேஸ்ட்ரோ' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 1965-ல் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழு அதை ஒரு பாட்டில் மிதித்துக் காட்டியதும் கடைகளில் பெட்டி தீர்ந்துபோயிற்று.

ரிப்பேர்க்காரர் சரிசெய்து கொடுக்கிற கோளாறை இன்னொருவர் காசு கொடுத்து வாங்குகிறார்! உலகம் இப்படித்தான்.

ஜப்பானியர் செய்த வேலை

இத்தனைக்கும் அந்த முதல் பெட்டிகளின் சத்தம் முரட்டுச் சத்தம். கிடார்காரர்கள் உண்மையில் விரும்பியது வால்வு ஆம்ப்ளிஃபயரைத் தாங்க முடியாத அளவுக்கு முடுக்கினால் வருகிற, உருண்டு திரண்ட சத்தம். பழைய வால்வு ரேடியோவில் வால்யூமைக் கடைசிவரை திருகிக் கேட்டவர்களுக்கு அதன் சுகம் தெரியும். ஆனால் வீட்டில் அவ்வளவு முடுக்கினால் அக்கம்பக்கத்தார் வந்து நிற்பார்களே!

இதற்கு விடை ஜப்பானில் கிடைத்தது. நகோயா நகரத்து ஹோஷினோ நிறுவனம் 'ஐபனேஸ்' என்ற பெயரில் கிடார் விற்று வந்தது. அதற்குப் பெடல்கள் செய்துகொடுத்தது நிஷ்ஷின் ஒன்பா என்ற தொழிற்சாலை. அங்கே சுசுமு தமுரா என்ற பொறியாளர் 1970-களின் இறுதியில் வடிவமைத்த பெட்டிதான் 'டியூப் ஸ்க்ரீமர்'. வால்வை அலற வைப்பது என்று பொருள். பச்சை வர்ணம், மூன்றே மூன்று திருகுகள். முதலில் வந்தது டி.எஸ். 808. அடுத்து 1982-ல் டி.எஸ். 9. 1980-களின் நடுவுக்குள் இரண்டுமே நின்றுபோயின.

நின்ற பிறகுதான் கிராக்கி வந்தது. டெக்ஸாஸ் மாகாணத்து ஸ்டீவி ரே வான் என்ற பெரிய வித்வான் இந்தப் பச்சைப் பெட்டிகளைத்தான் காலடியில் வைத்திருந்தார். 1990 ஆகஸ்டில் ஹெலிகாப்டர் விபத்தில் அவர் இறந்தார். அவர் வாசித்த சத்தம் வேண்டும் என்று ஜனங்கள் பழைய பெட்டிகளைத் தேடினார்கள். நிறுவனம் 1990-களின் ஆரம்பத்தில் 9-ஐயும், 2004-ல் 808-ஐயும் மறுபடி வெளியிட்டது. இன்றைக்கு 1980-ஐ ஒட்டிய அசல் 808 ஒன்று நல்ல நிலையில் இருந்தால் பல பத்தாயிரம் ரூபாய் பெறும். பரணில் யாரோ கல்ஃப்காரர் கொண்டுவந்த பழைய பச்சைப் பெட்டி கிடந்தால், அதன்மேல் சூடான இரும்பை வைக்காதீர்கள். திருத்துவதானால் புதிய பெட்டியைத் திருத்தலாம். அல்லது தனியாக ஒன்று கட்டிக்கொள்ளலாம்.

மலையின் தலையைச் சீவுதல்

உள்ளே நடப்பதைச் சுலபமாகச் சொல்லலாம். தந்தியை மீட்டினால் வருகிற மின் அலை மலையும் பள்ளமுமாகப் போகும். ஐ.சி. அதைப் பெரிதாக்குகிறது. டிரைவ் என்ற திருகைக் குறைத்து வைத்தால் ஏறத்தாழ 12 மடங்கு. முழுக்கத் திருகினால் 118 மடங்கு. மலை வளர்ந்து 0.6 வோல்ட்டைத் தொடும்போது, எதிரும் புதிருமாகப் போட்டிருக்கும் இரண்டு சிலிக்கன் டயோடுகள் விழித்துக்கொண்டு, "இதற்கு மேல் போகாதே" என்று பெருக்கத்தைக் குறைத்துவிடுகின்றன. மலையின் உச்சி மழுங்குகிறது. அந்த மழுங்கலே உறுமல்.

தமுராவின் கெட்டிக்காரத்தனம் டயோடுகளை வைத்த இடத்தில் இருக்கிறது. ஐ.சி.யின் வெளிவாயிலில் தரைக்கு இழுத்துக் கட்டினால் உச்சி கத்தியால் வெட்டியது போலாகும். அவர் அவற்றை ஐ.சி.யின் பின்னூட்ட வழியில் வைத்தார். இதில் பெருக்கம் எவ்வளவு குறைந்தாலும் ஒரு மடங்குக்குக் கீழே போகாது. அதாவது, மழுங்கிய ஒலியோடு அசல் ஒலியும் கூடவே சவாரி செய்கிறது. எவ்வளவு உறுமினாலும் எந்த சுரம் என்று காதுக்குத் தெரிவது இதனால்தான்.

இன்னொரு சூட்சுமம். 4.7 கிலோ ஓம் ரெஸிஸ்டர் ஒன்றும் 0.047 மைக்ரோஃபாரட் கண்டென்ஸர் ஒன்றும் சேர்ந்து தரைக்குப் போகின்றன. இந்த ஜோடி 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலிகளைக் குறைவாகவே பெருக்க விடும். கிடாரின் தடித்த தந்தியோ 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஆகவே கீழ்ச்சுரங்கள் அதிகம் மழுங்காமல் தப்பிக்கின்றன, குழப்பம் இல்லை. ஆனால் தனியாக வாசிக்கும்போது, "சத்தம் மூக்கால் பேசுகிறதே, அடித்தளம் இல்லையே" என்ற குறை தோன்றும். பச்சைப் பெட்டியைப் பற்றி நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சொல்லப்படுகிற குறை இதுதான்.

கை வைக்க வேண்டிய இடம்

அந்தக் குறைக்கு மருந்து ஒரே ஒரு கண்டென்ஸர். 0.047-ஐக் கழற்றிவிட்டு 0.1 மைக்ரோஃபாரட் போட்டால் எல்லை 720-லிருந்து சுமார் 340 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். சத்தத்துக்குச் சதை பிடிக்கும். கடையில் 473 என்று அச்சிட்டதைக் கழற்றி, 104 என்று அச்சிட்டதைப் போட வேண்டும், அவ்வளவுதான். விலை இரண்டு, மூன்று ரூபாய்.

கொஞ்சம் ருசி கண்டவர்கள் இதோடு நிற்பதில்லை. உறுமல் இன்னும் வேண்டும் என்று 4.7 கிலோ ஓமை 2.2 ஆக்குவார்கள். பெருக்கம் 250 மடங்கைத் தொடும். ஆனால் ரெஸிஸ்டரைக் குறைத்தால் அந்தப் பழைய எல்லை மேலே ஏறிவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 0.047-ஐ அப்படியே விட்டால் எல்லை 1,500 ஹெர்ட்ஸுக்குப் போய், சத்தம் தகரம் தட்டுவது போலாகும். கூடவே கண்டென்ஸரையும் 0.1 ஆக்கினால் பழைய 720-க்கே திரும்பிவிடும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையும். கூட்டுக் குடும்பம் மாதிரி.

டயோடு விஷயத்தில் விளையாட இடம் நிறைய. சாதாரண 1என்4148 போதும். ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இரண்டு என்று தொடராகப் போட்டால் மலையும் பள்ளமும் வேறு வேறு அளவில் மழுங்கி, ஒலியில் ஒரு குழைவு வரும். சிவப்பு எல்.இ.டி. போட்டால் 1.7 வோல்ட் வரை மழுங்காது. சத்தம் உரத்தும் திறந்தும் கேட்கும். பழைய ரேடியோக்களில் ஒலியைப் பிரித்துக்கொடுத்த ஜெர்மானியம் டயோடு ஞாபகம் இருக்கிறதா? அது சுமார் 0.3 வோல்ட்டிலேயே மழுக்க ஆரம்பித்துவிடும். மெதுவான, பஞ்சு போன்ற சத்தம். ஆனால் உரம் குறைவு. மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டுத் தமக்குப் பிடித்ததை வைத்துக்கொள்வதே சரி. இதில் உயர்ந்தது தாழ்ந்தது என்று எதுவும் கிடையாது.

9-ஐ 808 ஆக்குவது என்று ஒரு பெரிய வியாபாரமே வெளிநாட்டில் நடக்கிறது. இரண்டுக்கும் சர்க்யூட்டில் உள்ள பேதம் வெளிவாயிலில் இரண்டு ரெஸிஸ்டர்தான். 9-ல் 470 ஓமும் 100 கிலோ ஓமும். 808-ல் 100 ஓமும் 10 கிலோ ஓமும். மாற்றினால் வித்தியாசம் தெரியுமா? கூர்ந்து கேட்டால் கொஞ்சம் தெரியும். கானமேளா மேடையில், செண்டைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில், ஒருவருக்கும் தெரியாது.

இங்கே கை தவறுகிற இடம் ஒன்று உண்டு. 470 ஓமுக்கு மஞ்சள், ஊதா, பழுப்பு. 4.7 கிலோ ஓமுக்கு மஞ்சள், ஊதா, சிவப்பு. இரண்டும் ஒரே பலகையில் இருக்கின்றன. மங்கலான விளக்கில் பழுப்பும் சிவப்பும் ஒன்றாகத்தான் தெரியும். கழற்றுவதற்கு முன் மீட்டரில் அளந்து பார்ப்பது புத்திசாலித்தனம்.

ஐ.சி. மோகம்

இந்தப் பெட்டியைப் பற்றிய பேச்சில் பாதி அந்த எட்டுக்கால் ஐ.சி.யைப் பற்றித்தான். ஜே.ஆர்.சி. 4558 என்ற ஜப்பான் சரக்குதான் பழைய 808-ல் பெரும்பாலும் இருந்தது. அது இல்லாவிட்டால் சத்தமே வராது என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. இதைக் கேட்டு நம் ஊர் ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக்குகள் சிரிப்பார்கள். பாஸ், டிரெபிள் பலகை என்று சின்னக் கடைகளில் விற்கிறதே, அதைத் திருப்பிப் பார்த்தால் அநேகமாக அதே 4558தான் குந்தியிருக்கும்! இருபது ரூபாய்க்குள் கிடைக்கிற சரக்கு. பழைய ஜப்பான் முத்திரை என்று சொல்லி அதையே பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். எழுத்தை அழித்து மறுபடி அச்சிட்ட போலிகளும் உலவுகின்றன. காசு செலவழிக்க வேண்டுமானால் நல்ல ஸ்விட்சுக்கும் நல்ல சாக்கெட்டுக்கும் செலவழிக்கலாம். பெடல்கள் பெரும்பாலும் சாவது அங்கேதான்.

ஐ.சி.யை மாற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எட்டுக்கால் சாக்கெட் ஒன்றைப் பற்றவைத்துவிட்டு, அதில் ஐ.சி.யைச் செருகிக்கொள்வது நல்லது. ஒவ்வொரு தடவையும் சூடு வைத்தால் பலகையிலுள்ள செம்புத் தடம் உரிந்து வந்துவிடும். 25 வாட் அயர்ன் போதும். முற்றிலும் புதிதாகக் கட்டுகிறவர்கள் துளைப் பலகையில் கட்டி உலோகப் பெட்டியில் வைக்க வேண்டும். பழைய டிஃபன் டப்பாகூட ஆகும். பிளாஸ்டிக் டப்பா ஆகாது. சுற்றிலும் உள்ள மின்சார இரைச்சலையெல்லாம் வாங்கிக் கொட்டும். வெளிவாயிலிலும் மின்சப்ளையிலும் போடுகிற எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்ஸருக்கு வெளிநாட்டுப் பெயரைத் தேட வேண்டியதில்லை. 1973-ல் தொடங்கி திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கெல்ட்ரானின் கண்ணூர் தொழிற்சாலை செய்கிற சரக்கே அதுதான்.

மூடி மறைத்த பெட்டி

சர்க்யூட் வெளியே தெரிந்தால் எல்லோரும் நகல் எடுத்துவிடுவார்களே என்று பயந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் பில் ஃபின்னகன் என்பவர் 1994 முதல் 'க்ளான் சென்டார்' என்ற பெட்டியைச் செய்து விற்றார். உள்ளே இருப்பது தெரியாதபடி பலகை மேல் கறுப்பு எபாக்ஸிப் பசையை ஊற்றி மூடியே விற்றார். என்ன பிரயோஜனம்? பசையைச் சுரண்டிப் பார்த்துவிட்டார்கள். இன்று அதன் நகல்கள் எத்தனையோ. அசல் பெட்டி மட்டும் பல லட்சம் ரூபாய் பெறுகிறது.

நம் ஊர் மெக்கானிக்குகள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பச்சைப் பெட்டியின் சர்க்யூட்டைப் பார்த்துக் கட்டலாம். சொந்தப் பெயர் வைத்து விற்கலாம். அசல் நிறுவனத்தின் பெயரையும் முத்திரையையும் ஒட்டி விற்றால் அது 1999-ம் வருஷத்து வணிகக் குறிச் சட்டப்படி குற்றம். சிறைவாசம்கூட உண்டு.

"இதெல்லாம் நம் சங்கீதத்துக்கு ஆகுமா?" என்று கேட்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். மேண்டலின் ஸ்ரீநிவாஸை அவர்கள் கேட்டிருப்பார்கள். அசல் மேண்டலினில் ஜோடி ஜோடியாக எட்டுத் தந்திகள், ஒலி உடனே அறுந்துபோகும், கமகம் நிற்காது. அவர் மின் மேண்டலினை எடுத்து, ஐந்து ஒற்றைத் தந்திகளாக்கி, அதில் கர்நாடக சங்கீதத்தை நிறுத்திக் காட்டினார். 2014-ல் மறையும் வரை அந்த மின் கருவியில்தான் சபையை ஆண்டார். மலையாளப் படங்களுக்கு இசையமைத்த தமிழர் ஆர்.கே. சேகர் 1976-ல் காலமானபோது, அவர் வாங்கி வைத்திருந்த வாத்தியக் கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் ஓடியது. அந்தக் கருவிகளுக்கு நடுவே வளர்ந்த ஒன்பது வயதுப் பிள்ளைதான் ஏ.ஆர். ரஹ்மான். ஒரு கருவி ஒழுங்காக வேலை செய்வது ஒரு வீட்டில் அடுப்பு எரிவதற்குச் சமம் என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியும்.

உயிர் போகிற இடம்

கடைசியாக, முக்கியமான விஷயம். பெடல் 9 வோல்ட் பாட்டரியில் ஓடுவது. அதைத் திறந்து நோண்டுவதால் உயிருக்கு ஆபத்து இல்லை. எலிமினேட்டர் போட்டு ஓட்டுகிறவர்கள் நடுவில் நெகட்டிவ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். மாறிப்போனால் பெட்டி கெடலாம். ஆனால், "பெடலைத் திருத்தியாயிற்று, ஆம்ப்ளிஃபயரையும் பார்ப்போமே" என்று கை நீட்டுகிறார்களே, அங்கேதான் எமன் உட்கார்ந்திருக்கிறான். வால்வு ஆம்ப்ளிஃபயருக்குள் 300, 400 வோல்ட் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்ஸர்களில் அது தங்கியிருக்கும். அந்த வேலை தெரிந்தவர் தவிர யாரும் அதைத் திறக்கக் கூடாது.

திறக்காமலே ஆபத்து வரும் வழியும் உண்டு. 1972 மே மாதம், பிரிட்டனில் ஸ்வான்ஸி நகரத்து மேடையில் 'ஸ்டோன் த குரோஸ்' குழுவின் கிடார்காரர் லெஸ்லி ஹார்வி மைக்கைத் தொட்டார். மின்சாரம் தாக்கி இறந்தார். எர்த் சரியில்லை. வயது இருபத்தேழு. கிடாரின் தந்திகள் வயர் வழியாக ஆம்ப்ளிஃபயரின் உடம்போடு சேர்ந்தவை. ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு எர்த், மைக் செட்டுக்கு வேறு எர்த் அல்லது எர்த்தே இல்லை என்றால், தந்தியைப் பிடித்த கையும் மைக்கில் பட்ட உதடும் நடுவில் மனிதனையே வயராக்கிவிடும்.

நம் பந்தல்களில் நடப்பது என்ன? மூன்று முள் பிளக்கைப் போட இடமில்லை என்று எர்த் முள்ளை வெட்டிவிடுகிறார்கள். அல்லது வெறும் வயரைத் தீக்குச்சியால் சொருகுகிறார்கள். மழை பெய்த தரை, வெறுங்கால், ஜெனரேட்டர் மின்சாரம்! பத்தாயிரம் ரூபாய்ப் பெடலுக்குப் பிள்ளை அடம் பிடிக்கிற வீட்டில், நாற்பது ரூபாய் டெஸ்டர் ஒன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாசிக்கப் போகுமுன் எல்லா இணைப்பும் கொடுத்துவிட்டு, கிடாரின் தந்தியிலும் மைக்கின் வலையிலும் டெஸ்டரை வைத்துப் பார்க்கட்டும். விளக்கு எரிந்தால் கிடாரைக் கீழே வைத்துவிட்டு மைக் செட்காரரைக் கூப்பிடட்டும். எரியாவிட்டாலும் இரண்டு பிளக்கிலும் எர்த் முள் இருக்கிறதா, இரண்டும் ஒரே போர்டிலிருந்து வருகின்றனவா என்று கண்ணால் பார்த்த பிறகே பச்சைப் பெட்டியை மிதிக்கட்டும்.